திறந்து பார்த்த பின் கையெழுத்து

எங்கள் அண்ணி இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே என்னிடம் கெட்ட பேர் வாங்கிக்கொண்டார். அன்று கூடத்தில் உறவுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிய இஸ்திரிப் பெட்டியைப் பளபளக்கும் தாளில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். புதுப்பெண் என்றால் வாங்கி, சிரித்து, ஓரமாக வைக்க வேண்டியதுதானே. அவர் தாளைக் கிழிக்காமல் பிரித்தார். அட்டைப்பெட்டியைத் திறந்தார். வயரை முழுக்க உருவி, எங்காவது வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவினார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் சுவரில் செருகி, சூடேறியதும் அணைய வேண்டிய சின்ன விளக்கு அணைகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

விளக்கு அணையவில்லை.

“இது சூடு நிக்காதும்மா, துணி கருகிடும். பில்லு வெச்சிருக்கியா, மாத்திடலாம்,” என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

கடைக்காரர் மறுநாளே வேறு பெட்டி கொடுத்துவிட்டார். பதினோரு வருடமாக இந்த வீட்டுத் துணி எல்லாவற்றையும் அதுதான் தேய்க்கிறது. அதையெல்லாம் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு மருமகள் வரவில்லை, சோதனை அதிகாரி வந்திருக்கிறார் என்று நாலு நாள் சொல்லித் திரிந்தேன். அவர் காதில் விழும்படியாகத்தான் சொன்னேன்.

நான் அண்ணனை ‘அவன்’ என்றும் அண்ணியை ‘அவர்’ என்றும் எழுதுவதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்ணன் என்னோடு தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டு வளர்ந்தவன். மரியாதை அண்ணி சம்பாதித்தது.

அண்ணிக்கு வேலை ஒரு பேரிங் கிடங்கில். மோட்டாரோ சக்கரமோ தடையில்லாமல் சுழல வேண்டுமென்றால் உள்ளே ஒரு எஃகு வளையம் வேண்டும், அதுதான் பேரிங். பெரிய ஆலைகளுக்குப் போகிற பேரிங் எல்லாம் முதலில் இவர் கை வழியாகத்தான் கிடங்குக்குள் நுழையும். கட்டையான மேசை, மேலே ஒரு குழல் விளக்கு, ஒரு ஸ்பிரிட் பாட்டில், வெள்ளைத் துணி, கைப்பையில் எப்போதும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று இவர் பார்ப்பதே கடைசியில்தான். முதலில் உள்ளே இருப்பதை எடுத்துத் துடைத்து, சுழற்றிக் காதில் வைத்துக் கேட்டு, எடை போட்டு, இது இன்னது என்று தாமே ஒரு தாளில் எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திருப்பி, அதுவும் அதையேதான் சொல்கிறதா என்று பார்ப்பார். பெட்டியை முதலில் படித்துவிட்டால் கண்ணும் அதையே பார்க்க ஆரம்பித்துவிடும் என்பது அவர் கணக்கு. கிடங்கில் அவருக்குப் பட்டப்பேரே ‘திறந்து பாரு அக்கா’.

ஒரு தடவை இருநூறு பெட்டி வந்தது. சீல், சான்றிதழ், பேரிங்கில் வெட்டிய எண் எல்லாம் கச்சிதம். அண்ணி ‘ஏற்கவில்லை’ என்று எழுதினார். எண் வெட்டியிருந்த முகத்தில் மட்டும் தேய்ப்புக் கோடுகள் ஒரே பக்கமாக நேராக ஓடுகின்றன, ஆலையில் கடைந்த முகமாக இருந்தால் கோடு வட்டமாக அல்லவா ஓட வேண்டும் என்றார். சரக்கு அனுப்பியவர் காரில் வந்து இறங்கி, ஒரு உதவியாளர் சொன்னாரென்று இருநூறு பெட்டியைத் திருப்புவதா என்று மேலாளர் அறையில் குதித்தார். மேலாளரும் அண்ணியைக் கூப்பிட்டுக் காய்ச்சினார். அண்ணி எழுதியதை அடிக்கவில்லை. கடைசியில் ஒன்றை அறுத்துப் பார்த்தபோது, பழசைத் தேய்த்து மெருகு போட்டுப் புது எண் வெட்டிய குட்டு வெளிப்பட்டது. அண்ணிக்குப் பரிசாக ஒரு மேசை விசிறி வந்தது. அதையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

உதவியாளர் என்றுதான் அவருக்குப் பதவி. பதினான்கு வருடமாக அதே உதவியாளர். சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவது, மேசைப்பக்கமே வராத வேறொருவர். இதைப் பற்றி நான்தான் வீட்டில் கத்துவேன். அண்ணி, “பாத்தது நான்னு பேரிங்குக்குத் தெரியும்,” என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்காய் நறுக்கப் போய்விடுவார்.

இனி என் கதைக்கு வருகிறேன். அலமாரி, சமையல் மேடை, படுக்கையறை இவற்றைக் கட்டுவதற்கு முன்பே கணினியில் வரைந்து, நிஜத்தில் எப்படி இருக்கும் என்று படமாகக் காட்டுவது என் வேலை. வேறு சில வேலைகள் பார்த்த பிறகு, ஆறு வருடம் ஒரு மரவேலைக் கூடத்தில் வரைந்தேன். கூடத்தை மூடிவிட்டார்கள். ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். முப்பத்திரண்டு வயதில் கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்னதை உறவு முழுவதும் ஏற்றுக்கொள்ள வைத்தவர் அண்ணிதான். அது தனிக் கதை. ஆனால் வேலையும் இல்லாமல், கல்யாணமும் இல்லாமல் அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருப்பவளை வருகிறவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை ஏழு மாதம் தாங்கினேன். எனக்கு ஒரு வேலை வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அப்போதுதான் ஒரு பெரிய உள்ளலங்கார நிறுவனம், வீட்டிலிருந்தே வரைவதற்குப் பத்துப் பேரை எடுக்கப்போவதாக அறிவித்தது. என் படங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார்கள். நிபந்தனை ஒன்றுதான்: சொந்தக் கணினி, அதில் குறைந்தது எட்டு கோர் உள்ள புராசஸர். கணினிக்கு மூளை புராசஸர் என்றால், அந்த மூளைக்கு எத்தனை கை என்பதுதான் கோர். ஒரு அறையின் படம் உருவாக வேண்டுமென்றால் அத்தனை கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஒரு படிவம் கொடுத்தார்கள். புராசஸரின் பெயர், அதைக் காட்டும் திரையின் படம், என் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து. விவரம் தவறென்று தெரிந்தால் பிறகு எப்போதும் இங்கே இடமில்லை என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. திங்கள்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

அந்த நிறுவனத்தின் வாசலிலேயே ஒரு கடைக்காரனின் ஆள் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நின்றான். ‘இந்த வேலைக்கு ஏற்ற கணினி, எட்டு கோர், ஒருவர் பயன்படுத்தியது, புதியது போலவே’ என்று அச்சடித்திருந்தது. அண்ணன் குளிரூட்டிய லாரி ஓட்டுகிறான். ஊர் ஊராகப் போய்ச் சேர்த்து வைத்திருந்ததில் அதை வாங்கிக்கொண்டு வந்து, தோளில் சுமந்து மாடியேறி, என் அறையில் ஜன்னலோர மேசையில் இறக்கினான். பெட்டியின் முகத்தில் எட்டு என்று வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் மின்னியது. அதன்மேல் இருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை யாரும் உரிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டான். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

நிறுவனம் பழகுவதற்காக ஒரு மாதிரி அறையைக் கொடுத்திருந்தது. கண்ணாடி அலமாரி, இரண்டு விளக்கு, அவ்வளவுதான். பழைய கூடத்து எட்டு கோர் கணினியில் இது மாதிரி ஒரு படம் நாற்பது நிமிடத்தில் முடியும். இங்கே இரண்டரை மணி நேரம் ஓடியது. விளக்கைத் தப்பாக வைத்துவிட்டேனோ என்று மாற்றி வைத்தேன். கண்ணாடியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஏழு மாதம் சும்மா இருந்ததில் கை வேலையை மறந்துவிட்டது என்றே முடிவு கட்டி, சனிக்கிழமை மதியம் திரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். வேலையிலிருந்து திரும்பிய அண்ணி கதவருகே நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

“எவ்வளவு நேரமா ஓடுது?” என்றார்.

சொன்னேன். கை மறந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

“உன் கைமேல சந்தேகப்படறதுக்கு முன்னாடி மெஷின்மேல சந்தேகப்படு. எட்டுன்னு யார் சொன்னது?”

ஸ்டிக்கரைக் காட்டினேன். அது ஒட்டினது என்றார். கணினியின் விவரப் பக்கத்தைத் திறந்து, அதில் புராசஸரின் பெயர் முழுசாக இருப்பதைக் காட்டினேன். அது எழுதினது என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எழுதியதையும் நம்ப மாட்டேன், ஒட்டியதையும் நம்ப மாட்டேன் என்றால் பிறகு எதைத்தான் நம்புவது என்று கேட்டேன். இது வேலை செய்யும்போது எத்தனை கை அசைகிறது என்று பார்க்க வழி உண்டா என்று அவர் பதிலுக்குக் கேட்டார்.

வழி உண்டு. ஒவ்வொரு கோருக்கும் ஒரு கட்டமாக, அது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டுகிற பக்கம் ஒன்று இருக்கிறது. இரண்டு நாளாக அதைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என் மீதே குற்றம் கண்டுபிடிப்பதில் அவ்வளவு மும்முரமாக இருந்தேன். திறந்தேன். நாலு கட்டம். நாலும் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்தன.

அண்ணன் வந்தான். பார்த்தான். உடனே கடைக்குப் போன் போட்டான். கடைக்காரன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னானாம்: மீதி நாலும் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்குகிறது, கனமான வேலை வந்தால் தானாக எழும்பும் என்று. அண்ணன் அதை அப்படியே, தானே கண்டுபிடித்தது போல எங்களிடம் சொன்னான்.

“ரெண்டரை மணி நேரம் வேலை நடந்திருக்கு. அதுக்குக்கூட எழும்பலைன்னா அது தூக்கம் இல்லங்க,” என்றார் அண்ணி.

அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்கும்தான். ஆசையாக வாங்கி வந்தவனைக் குத்திக் காட்டுகிறாரே என்று பழைய இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இது எட்டு இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. அதனால் அது எட்டாகவே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நம்பினேன்.

உள்ளே திறந்து பார்த்துவிடலாம் என்று அண்ணி சொன்னதும், மறுநாள் காலையே என்று அண்ணனும் வீம்புக்கு ஒப்புக்கொண்டான். ஆனால் மூடுவதற்கு வேண்டியது மேசைக்கு வராமல் அண்ணி எதையும் திறக்க மாட்டார். புராசஸருக்கும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் விசிறிக்கும் நடுவே சூடு கடத்த ஒரு பசை தடவியிருக்கும், கழற்றினால் புதுசாகத் தடவ வேண்டும் என்று நான் சொன்னேன். செல்போன் பழுது பார்க்கிறவரிடம் போய் அந்தப் பசையில் ஒரு சின்னக் குழாய் வாங்கி வந்த பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுத்தார். கழற்றிய நாலு திருகையும் ஒரு தாளில் நாலு மூலையிலும் வைத்து, எது எங்கே இருந்தது என்று எழுதினார்.

விசிறி வந்தது. கீழே சாம்பல் நிறப் பசைக்குள் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு உலோகச் சதுரம். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அண்ணி மெதுவாகத் துடைக்கத் துடைக்க எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. நான் குனிந்து படித்தேன். அதே பெயர். எட்டு கோருக்கு உரிய அதே எண்.

அண்ணன் மேசையைத் தட்டினான். “வெளிய ஸ்டிக்கர் எட்டு. உள்ள ஸ்கிரீன் எட்டு. இப்போ அதோட நெத்தியிலேயே எட்டு. மூணு பேர் சொல்றாங்க, இன்னும் என்ன வேணும் உனக்கு?”

எனக்கு உயிர் வந்தது. படிவத்தை எடுக்கப் பேனாவைக்கூடத் தேடிவிட்டேன். அண்ணி மட்டும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து அடித்தார். பைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்துச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்தார். எழுத்துக்கு அடியில் உலோகம் முழுக்க நேர் நேராக, ஒரே பக்கமாக, முடியளவு மெல்லிய கோடுகள். நாலு விளிம்பும் மழுங்கியிருந்தன. அந்த இருநூறு பெட்டிக் கதை எனக்கு நினைவு வந்தது.

பசை தடவி, எல்லாத் திருகையும் எழுதிய இடத்திலேயே பூட்டிய பிறகு, கணினியைப் போட்டதும் முதலில் ஒரு கறுப்புத் திரை வந்து போகிறதே, அது யார் எழுதியது என்று அண்ணி கேட்டார். அது ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டில் ஏற்றியதல்ல, உள்ளே இருக்கும் பலகையே தன்மேல் என்ன செருகியிருக்கிறது என்று கேட்டுச் சொல்வது என்றேன். கண் இமைப்பதற்குள் ஓடிவிடும், யாரும் படிப்பதில்லை. அண்ணி தம் போனில் அதை வீடியோ எடுத்தார். கிடங்கில் வேகமாக ஓடுகிற பட்டையில் வரும் பெட்டிகளை இப்படித்தான் எடுத்து நிறுத்திப் பார்ப்பாராம். மூன்றாம் தடவை சரியாக விழுந்தது. நிறுத்தி, விரலால் பெரிதாக்கினோம். அதில் வேறு பெயர். அதே குடும்பத்துத் தம்பி, நாலு கோர்.

“மூணு பேருக்கு எதிரா ஒருத்தன்,” என்றான் அண்ணன். குரலில் முன்பிருந்த சுருதி இல்லை.

“மூணு பேர் சொல்லலங்க. ஒருத்தனே மூணு இடத்துல எழுதியிருக்கான்,” என்றார் அண்ணி. “இது ஒண்ணைத்தான் அவன் எழுத மறந்திருக்கான்.”

அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைக்குள் ஏதோ நேரானது. கடைக்காரன் கை படாத ஒன்றிடம் கேட்டால் போதும். பழைய கூடத்தில் பழுது பார்க்க வைத்திருந்த ஒரு பென்டிரைவ் என்னிடம் இருந்தது; வட்டே இல்லாமல் அதை வைத்தே கணினியை எழுப்பலாம். வட்டின் வயரைக் கழற்றினேன். கடைக்காரன் ஏற்றியது ஒன்றும் இல்லாத வெறும் கணினி எழுந்தது. புராசஸரே தன் பெயரைச் சொல்லும்படி கேட்டேன். நாலு கோர்த் தம்பியின் பெயரைச் சொல்லியது. இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதையேதான் சொல்லியது.

அண்ணன் இறங்கிப் போய் லாரியைக் கழுவ ஆரம்பித்தான். முந்தின நாள்தான் கழுவியிருந்தான். அண்ணி பின்னாலேயே போய், நிறைய நேரம் அவனோடு நின்றார். தினமும் இதையே பார்க்கிற தமக்கே விளக்கைச் சாய்த்த பிறகுதான் தெரிந்தது, அவன் ஏமாந்ததில் வெட்கம் எதுவும் இல்லை என்று சொன்னாராம். அதை அண்ணனே பிறகு சொன்னான்.

திங்கள்கிழமை வந்தது. படிவம் என் முன்னால் கிடந்தது. திரையின் படம் கேட்டிருந்தார்கள். திரை எட்டு என்றுதான் சொல்கிறது. அதை அப்படியே அனுப்பினால் என்னைப் பொய்க்காரி என்று யார் சொல்ல முடியும்? நானும் ஏமாந்தவள்தானே? காலை முழுவதும் இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலைக்குக் கிளம்பிய அண்ணியிடமும் சொன்னேன். அவர் எனக்கு உபதேசம் செய்யவில்லை.

“உன் கையெழுத்து, நீ முடிவு பண்ணு. சரிபார்த்தவர்னு என் கையெழுத்து வேணும்னா நான் நாலுன்னுதான் போடுவேன்,” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு நின்று, “வேற யார்கிட்டயாவது வாங்கிக்கிட்டாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்,” என்று சேர்த்தார். அதுதான் என்னைக் கொன்றது.

மாலை நாலு மணிக்கு அவர் வந்தபோது படிவத்தில் நாலு என்று எழுதி வைத்திருந்தேன். ஸ்டிக்கர், விவரப் பக்கம், தேய்த்த உலோகம், கறுப்புத் திரை, பென்டிரைவ் சொன்னது என எல்லாவற்றையும் படத்தோடு ஒரு தாளில் வரிசையாகப் போட்டிருந்தேன். அண்ணி ஒவ்வொரு வரியையும் படித்து, ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். பதினான்கு வருடத்தில் அந்தச் சொல்லுக்கு நேராக அவர் போட்ட முதல் கையெழுத்து அது. அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

புதன்கிழமை பதில் வந்தது. இரண்டே வரி. கணினி தகுதிக்குக் குறைவாக இருப்பதால் இந்த முறை இடம் தர இயலவில்லை.

நான் அண்ணியோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் சரி, நான் தப்பு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் அதிகமானது. அவரும் கெஞ்சவில்லை. தினமும் என் தட்டை எடுத்து வைத்துவிட்டு, தம் தட்டை எதிரில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். இப்படிப் பத்து நாள்.

பதினோராம் நாள் காலை அந்த நிறுவனத்திலிருந்து போன். மேலாளரே பேசினார். தேர்ந்தெடுத்த ஒன்பது பேரில் ஆறு பேரின் வேலை முதல் வாரமே நின்றுவிட்டதாம். படங்கள் நேரத்துக்கு வரவில்லை. ஆறு பேரும் வாசலில் நோட்டீஸ் வாங்கி அதே கடையில் கணினி வாங்கியவர்கள். ஆறு பேரும் எட்டு என்று காட்டும் திரையை அனுப்பியவர்கள். அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்காரர்கள் தொலைவிலிருந்தே பார்த்துவிட்டுப் பெயர் சரியாகத்தான் இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார்கள். அப்போதுதான் ஒதுக்கி வைத்த என் தாள் அவர் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

“இதுல சரிபார்த்தவர்னு கையெழுத்துப் போட்டிருக்காரே, அவர் எந்த கம்பெனில இன்ஜினியர்?” என்று கேட்டார்.

“இன்ஜினியர் இல்ல சார். எங்க அண்ணி,” என்றேன். போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடி, பத்து நாள் மௌனத்தை மறந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு, பசை ஆறு குழாய் வேண்டுமே என்றார்.

அந்தச் சனிக்கிழமை நிறுவனத்தில் ஒரு நீண்ட மேசையில் ஆறு கணினி. நான் டார்ச் பிடித்தேன். நுழைவுப் பதிவேட்டில் பதவி என்ற கட்டத்தில் அண்ணி வழக்கம்போல ‘உதவியாளர்’ என்று எழுதப் போனார். பேனாவைப் பிடுங்கி ‘சரிபார்ப்பவர்’ என்று நான் எழுதினேன். முறைத்தார், ஆனால் அதை அடித்துத் திருத்தவில்லை. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பெரிய படிப்புக்காரர்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். முதல் இரண்டு கணினிக்கும் கைகட்டி நின்றவர்கள், மூன்றாவதற்குக் குனிந்தார்கள், நாலாவதில் கண்ணாடியைக் கொஞ்சம் கொடுங்கம்மா என்று கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். ஐந்து கணினி பொய். ஆறாவதைத் திறந்து, துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இது நிஜமாகவே எட்டு என்றார் அண்ணி. ஒரே கடைதானே, இதையும் சேர்த்தே கடைக்குத் திருப்பிவிடலாம் என்று மேலாளர் சொன்னார்.

“கடை பொய்யா இருக்கலாம் சார். இது நிஜம். இதுக்கு நான் எட்டுன்னுதான் போடுவேன்,” என்றார்.

மேலாளர் அதைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கணினி பாதியில் நின்றுபோவதற்குக் காரணம் அதன் விசிறியில் அடைத்திருந்த தூசி என்று அப்புறம் தெரிந்தது. அதையும் அவரே ஊதித் துடைத்துக் கொடுத்தார்.

கடைக்காரன் நிறுவனத்தின் வக்கீலைப் பார்த்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டான். ஏமாந்த ஐந்து பேரோடு எங்களுக்கும் நிஜ எட்டு வந்தது. அண்ணனே லாரியில் போய் ஏற்றி வந்தான். வந்ததும் முதல் வேலையாக அந்த வெள்ளி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தான். மாதிரி அறை முப்பத்தெட்டு நிமிடத்தில் முடிந்தது. என் கை எதையும் மறக்கவில்லை.

அடுத்த வாரம் எனக்கு வேலை நியமனக் கடிதம் வந்தது. கூடவே மூன்று பக்கப் படிவம். கடைசிப் பக்கத்தில், இவரை எனக்குத் தெரியும், இவர் எழுதியிருப்பது எல்லாம் உண்மை, இவர் நடத்தைக்கு நான் பொறுப்பு என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மாலையில் கூடத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அண்ணியிடம் கொண்டுபோனேன். மூன்று பக்கத்தையும் வரி வரியாகப் படிப்பார், பத்துக் கேள்வி கேட்பார் என்று தயாராகவே போயிருந்தேன். ஒரு இடத்தில் ஆறு வருட அனுபவம் என்று எழுதியிருந்தேன். உண்மையில் ஐந்து வருடம் பத்து மாதம். அதற்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன்.

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கையைப் புடவையில் துடைத்தார். கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பி, எங்கே என்று கேட்டு, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அண்ணி, ஒரு வரிகூடப் படிக்கலையே?”

“உள்ள இருக்கறதப் பாத்தாச்சு,” என்றார், பெட்டியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டே. “பதினோரு வருஷமா பாத்துட்டுத்தானே இருக்கேன்.”

நான் படிவத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஆறு வருடம் என்பதை அடித்து, ஐந்து வருடம் பத்து மாதம் என்று எழுதினேன்.